சில நாள் எடுக்கும், சில நாள் எடுக்காது: பழைய ஸ்போர்ட்ஸ் காரை அறிகுறி வைத்துச் சரிசெய்வது

முழுதாகக் கெட்டுப்போன வண்டியைச் சரிசெய்வது எளிது. எப்போது போய்ப் பார்த்தாலும் கெட்டது கெட்டபடியே இருக்கும். காலையில் ஒரே திருப்பில் எடுத்து, மதியம் பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் அடம்பிடித்து, இருபது நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் உறுமுகிற வண்டி இருக்கிறதே, அதுதான் ஆளைப் படுத்தும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அவர் முன்னால் பத்து தடவையும் எடுக்கும். அவர் நம்மைப் பார்க்கிற பார்வை வேறு.

என்னிடம் இருப்பது எண்பதுகளில் வந்த இரண்டு கதவு வண்டி. நான்கு சிலிண்டர், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது, டிஸ்ட்ரிபியூட்டர் இன்னும் போகவில்லை என்கிற காலத்துப் பொருள். அதோடும், நண்பர்களுடைய அதே வயது வண்டிகளோடும் மல்லுக்கட்டியதில் கிடைத்த வரிசை இது. கருவியைச் சொருகிக் கோளாறு எண்ணைப் படிக்கிற வசதி இல்லாத வண்டிகளுக்காக எழுதியது.

## மறுபடி சாவியைத் திருப்புவதற்கு முன்

எடுக்கவில்லை என்றதும் கை தானாக இன்னொரு தடவை திருப்பும். அங்கேதான் தப்பு. விட்டு விட்டு வருகிற கோளாறு, அது இருக்கும்போது மட்டுமே அகப்படும். நாலைந்து தடவை திருப்புவதற்குள் லூஸ் கான்டாக்ட் மறுபடி ஒட்டிக்கொள்ளும், ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) ஆறிவிடும், வண்டி எடுத்துவிடும். தடயம் போச்சு. அடுத்து எப்போது, எந்த நடுரோட்டில் என்று தெரியாது.

முதல் மறுப்புக்கு அப்புறம் கையை எடுத்துவிட்டுப் போனில் வீடியோவை ஓடவிடுங்கள். டேஷ்போர்டு முழுதும் தெரிகிற மாதிரி பிடித்து, ஒரே ஒரு தடவை மூன்று விநாடி திருப்புங்கள். செல்ஃப் சத்தம், விளக்கு மங்குகிறதா, ஆர்பிஎம் முள் துடிக்கிறதா, பின்னாலிருந்து பெட்ரோல் பம்ப் முனகுகிறதா, நாலும் பதிவாகிவிடும். கூடவே எழுதி வைக்க வேண்டியது: நிறுத்தி எத்தனை நிமிடம் ஆயிற்று, இன்ஜின் சூடா குளிர்ச்சியா, மழையா வெயிலா. மூன்று முறை எழுதினாலே ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும்.

வண்டியிலேயே வைத்திருக்க வேண்டிய சாமான்: மல்டிமீட்டர், பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப், இரண்டு முனையிலும் கிளிப் உள்ள வயர் இரண்டு, ஜம்ப் கேபிள், மெயின் ரிலேக்கு ஓர் உபரி, பிளக் வயருக்கு நடுவே மாட்டும் ஸ்பார்க் டெஸ்டர். மல்டிமீட்டர் இருக்கும்போது பல்பு எதற்கு என்று கேட்கலாம். ஒரே ஒரு இழையில் தொங்குகிற வயரும் மீட்டரில் 12 வோல்ட் காட்டும். பல்பை மாட்டினால்தான் கரண்ட் இழுத்து அதன் சாயம் வெளுக்கும். கம்ப்யூட்டர் பெட்டிக்குப் போகிற வயர்களில் மட்டும் பல்பு வேண்டாம், அங்கே மீட்டர்தான்.

வழக்கமான எச்சரிக்கைதான், ஆனாலும்: ஹேண்ட் பிரேக், நியூட்ரல் இரண்டும் இருக்கட்டும். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். இடையில் ஒரு நிமிடம் விடுங்கள். பெட்ரோல் வாசம் அடித்தால் அன்றைய சோதனை முடிந்தது.

## சாவி திருப்பினால் சத்தமே இல்லை

### டேஷ்போர்டு விளக்கும் எரியவில்லை

பேட்டரி டெர்மினலைக் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். துளியும் அசையக் கூடாது. அசைந்தால் பாதி வேலை முடிந்தது. வெள்ளையாகப் பூத்திருந்தால் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீர் ஊற்றித் தேய்த்து, உலர்த்தி மாட்டுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

ஸ்போர்ட்ஸ் கார்களில் பேட்டரி பானெட்டுக்குள் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 1989இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5இல் அது டிக்கிக்குள். ஆரம்ப கால எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் சீட்டுக்குப் பின்னால் 6 வோல்ட் பேட்டரி இரண்டு, நடுவில் ஓர் இணைப்புக் கேபிள். அந்த நடுக் கேபிளை யாரும் நினைப்பதே இல்லை. திருட்டுக்குப் பயந்து யாராவது கட்-ஆஃப் சுவிட்ச் போட்டிருந்தால் அதன் உள் கான்டாக்ட் தேய்ந்திருக்கலாம். சுவிட்சை விலக்கிவிட்டு நேராக இணைத்துப் பாருங்கள்.

### விளக்கு நன்றாக எரிகிறது, செல்ஃப் மட்டும் அமைதி

சாவியிலிருந்து செல்ஃபுக்குப் போகிற மெல்லிய வயர்தான் இங்கே கதாநாயகன். பல ஐரோப்பிய வண்டிகளில் அது போய்ச் சேருகிற டெர்மினலுக்கு எண் 50.

காசு செலவில்லாத சோதனைகள் முதலில். கிளட்ச் அழுத்தினால்தான் எடுக்கும் வண்டி என்றால் பெடலைத் தரை வரை அழுத்தி, பாதத்தால் பக்கவாட்டில் அசைத்துக்கொண்டே திருப்புங்கள். பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்ச் தேய்ந்திருந்தால் அப்போது எடுக்கும். ஆட்டோமேட்டிக் என்றால் பி-யில் எடுக்காதது என்-னில் எடுக்கிறதா பாருங்கள். அப்புறம் சாவிக்கொத்து. வீட்டுச் சாவி, பீரோ சாவி எல்லாம் தொங்குகிற கொத்து வருடக்கணக்கில் இழுத்து இழுத்து இக்னிஷன் சுவிட்சைத் தேய்த்துவிடும். சாவியை மெல்ல முன்னும் பின்னும் ஆட்டினால் எடுக்கிறதென்றால் சுவிட்சின் மின்பகுதி போய்விட்டது. பல வண்டிகளில் பூட்டைத் தொடாமல் அதை மட்டும் தனியாக மாற்றலாம்.

இதிலும் பிடிபடவில்லை என்றால் டெஸ்ட் லேம்ப்பை 50இல் வைத்து இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தும் செல்ஃப் அசையவில்லை என்றால் கோளாறு செல்ஃபில் அல்லது எர்த்தில். அடுத்த தலைப்புக்குப் போங்கள். பல்பு எரியவில்லை என்றால் சாவிக்கும் செல்ஃபுக்கும் நடுவே எங்கோ அறுந்திருக்கிறது.

அந்த ‘எங்கோ’ பெரும்பாலும், யாரோ பிற்காலத்தில் பொருத்திய அலாரமாக இருக்கும். ஒரு நண்பர் மூன்று மாதத்தில் பேட்டரி, செல்ஃப், இக்னிஷன் சுவிட்ச் மூன்றையும் மாற்றிவிட்டார். கடைசியில் கால் இரண்டையும் சீட்டின் முதுகுமேல் போட்டுக்கொண்டு, தலையை பெடலுக்கு அடியில் நுழைத்துப் பார்த்தேன். ஒரு காலத்தில் இன்சுலேஷன் டேப்பாக இருந்தது பிசுபிசுவென்று விரலோடு வந்தது. உள்ளே நீல நிற பிளாஸ்டிக் கிளிப் ஒன்று, ஒரிஜினல் வயரைக் கடித்துக்கொண்டு. கிளிப்பைப் பிளந்தால் செம்பெல்லாம் களிம்பு ஏறிப் பச்சை. இழைகளில் இரண்டுதான் மிச்சம். குளிர்ந்த காலையில் அந்த இரண்டு இழை போதும், வெயிலில் போதாது. வயரை வெட்டி, சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டோம். அலாரம் போனது, பிரச்சினையும் போனது. அதிலிருந்து எந்தப் பழைய வண்டியைப் பார்த்தாலும் நான் முதலில் பார்ப்பது ஸ்டியரிங்குக்கு அடியில்தான்.

## ஒரே ஒரு ‘டக்’, அத்தோடு சரி, அல்லது டகடகடக

விடாமல் டகடகவென்று அடித்தால் செல்ஃபுக்குப் போதுமான கரண்ட் வரவில்லை. ஒரே ‘டக்’ என்றால் அதுவாகவும் இருக்கலாம், செல்ஃபாகவும் இருக்கலாம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். லைட் செத்துப்போனால் பேட்டரி அல்லது அதன் இணைப்பு. லைட் கொஞ்சமும் மங்காமல் நின்றால் கரண்ட் செல்ஃபுக்குள்ளேயே போகவில்லை: சோலினாய்டு (செல்ஃப்மேல் இருக்கும் மின்காந்த சுவிட்ச்) கான்டாக்ட், கார்பன் பிரஷ், அல்லது 50ஆம் எண் வயர் பலவீனம். கொஞ்சமாக மங்கினால் கேபிள், எர்த் பக்கம் பார்க்க வேண்டும்.

பேட்டரி. வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு மீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12க்குக் கீழே என்றால் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. நிற்கும்போது 12.6 காட்டி, அடிக்கும்போது 7க்கு விழுகிற பேட்டரி உள்ளுக்குள் செத்தது. மீட்டரைப் பார்த்து ஏமாந்தவர்கள் ஏராளம், நானும் ஒருவன்.

எர்த். பேட்டரி நன்றாக இருந்தால் நான் அடுத்துப் போவது இங்கேதான். இன்ஜின் ரப்பர் மவுன்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. பாடிக்கும் அதற்கும் நடுவே ஒரு பின்னல் பட்டை, சில வண்டிகளில் ஒரு தடித்த கேபிள், அவ்வளவுதான் மின்சாரத்துக்குப் பாதை. முப்பது வருட எண்ணெயும் தண்ணீரும் பட்டு அது உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். அப்போது கரண்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் என்று கிடைத்த வழியில் திரும்பும். செல்ஃப் அடித்தவுடன் ஆக்ஸிலரேட்டர் கேபிள் சுட்டால் சந்தேகமே வேண்டாம்.

இதற்குக் கருவிகூட வேண்டாம். ஜம்ப் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகத்திலும் கடிக்க வைத்துத் திருப்புங்கள். டக்கென்று எடுத்தால் எர்த் பட்டையை மாற்றுங்கள். புதிய பட்டையைப் போடும் முன் இரண்டு பக்கமும் எமரி பேப்பரால் பளபளக்கத் தேயுங்கள். பெயின்ட்டின்மேல் முறுக்கிய புதுப் பட்டை பழையதைவிட மோசம்.

மீட்டரில் பார்க்க: பெட்ரோல் பம்ப் பியூஸை எடுத்துவிடுங்கள், இன்ஜின் பற்றாது. மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில் (கிளிப்பில் இல்லை, ஈயக் கம்பத்திலேயே), மறு முனை செல்ஃபின் உடம்பில். செல்ஃப் அடிக்கும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் எங்கோ தடை. அதேபோல் பாசிட்டிவ் கம்பத்துக்கும் செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கும் நடுவே 0.5க்கு மேல் போகக் கூடாது. பேட்டரி டிக்கியில் இருக்கும் வண்டிகளில் கேபிள் நீளம் அதிகம் என்பதால் இந்தச் சோதனையை விடவே கூடாது.

செல்ஃப். மரக்கட்டையால் செல்ஃபின் உடம்பில் மெல்லத் தட்டிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் பிரஷ் தேய்ந்துவிட்டது. தட்டல் வீடு போய்ச் சேருவதற்குத்தான்; அதை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுபவர்களுக்கு, செல்ஃப் சரியாகத் தட்ட முடியாத இடத்தில்தான் கைவிடும். இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் செல்ஃப் ஒளிந்திருக்கிற முதல் எம்எக்ஸ்-5 மாதிரி வண்டிகளில் தட்டுவதற்கே கை போகாது. ஸ்க்ரூடிரைவரால் செல்ஃபின் இரண்டு போல்ட்டையும் இணைக்கிற வித்தையை வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு செய்யாதீர்கள். கியரில் இருந்தால் வண்டி உங்கள்மேல் ஏறும்.

### சூடாக இருக்கும்போது மட்டும் ‘டக்’

எக்ஸாஸ்ட் பைப்புக்குப் பக்கத்தில் செல்ஃப் இருக்கிற வண்டிகளின் தலைவிதி இது. இன்ஜினை நிறுத்தியதும் காற்றோட்டம் நின்று, சூடு செல்ஃபுக்குள் இறங்கும். செம்பு சூடானால் மின்தடை கூடும். சோலினாய்டு முதல் இழுப்புக்கு முப்பது ஆம்பியர் அளவுக்குக் கேட்கும். அது முழுவதும் பழைய இக்னிஷன் சுவிட்ச் வழியாகவே வர வேண்டும். சூடாக இருக்கும்போது 50ஆம் டெர்மினலில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 10 வோல்ட் பக்கத்தில் இருந்தால் நல்லது. 8, 7 என்று தொங்கினால் செல்ஃபைக் கழற்றாதீர்கள். பேட்டரியிலிருந்து பியூஸ் வைத்த தடித்த வயரில் ஒரு ரிலே போட்டு, அந்த ரிலேயைச் சாவி இயக்கும்படி செய்யுங்கள். புது செல்ஃபின் விலையில் சிறு பங்குதான் இந்த வேலை. பிறகும் சரியாகவில்லை என்றால் எக்ஸாஸ்டுக்கும் செல்ஃபுக்கும் நடுவே வெப்பத் தகடு, அதற்கும் மேலே என்றால் புது செல்ஃப்.

## மெதுவாக, இழுத்து இழுத்துச் சுற்றுகிறது

மேலே சொன்ன பேட்டரி, எர்த் சோதனைகளேதான். அதோடு இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வருகிறதா பாருங்கள், இல்லையென்றால் ஆல்டர்னேட்டர். ஒரு வாரம் நின்றால் மட்டும் மெதுவாகச் சுற்றினால் எங்கோ கரண்ட் ஒழுகுகிறது: எல்லாவற்றையும் அணைத்து, நெகட்டிவ் கேபிளில் மீட்டரைத் தொடராக வைத்தால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். கூடினால் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதில் இறங்குகிறது என்று பாருங்கள்.

பாதிச் சுற்றில் சுவரில் முட்டியதுபோல் நின்று, அதே நேரம் கூலன்ட்டும் குறைந்திருந்தால் மறுபடி அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கலாம். பிளக் எல்லாவற்றையும் கழற்றாமல் செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராட் வளையும்.

## செல்ஃப் விர்ரென்று ஓடுகிறது, இன்ஜின் அசையவில்லை

செல்ஃபின் சிறு பல்சக்கரம் வெளியே வந்து கடிக்கவில்லை, அல்லது ஃபிளைவீலில் அந்த இடத்தில் பல் இல்லை. நான்கு சிலிண்டர் இன்ஜின் அணையும்போது பெரும்பாலும் இரண்டே இடங்களில்தான் வந்து நிற்கும். அதனால் அந்த இரண்டு இடத்துப் பற்கள் மட்டும் தேயும். இக்னிஷனை அணைத்து, நாலாவது கியரில் போட்டு வண்டியை ஓர் அடி தள்ளி, நியூட்ரலுக்கு வந்து திருப்புங்கள். எடுத்தால் ஃபிளைவீலைச் சுற்றியிருக்கும் பல்வளையம், அதாவது ரிங் கியர். கியர்பாக்ஸை இறக்காமல் அதைத் தொட முடியாது, ஆளைக் கூப்பிடுங்கள். தள்ளியும் அதே விர்ர் என்றால் செல்ஃபைக் கழற்றிப் பார்த்தால் போதும்.

## நன்றாகச் சுற்றுகிறது, பற்றவில்லை

### முதலில் சத்தத்தைக் கேளுங்கள்

வழக்கத்தைவிட வேகமாக, ஏற்ற இறக்கமே இல்லாமல், தையல் மெஷின் மாதிரி ஒரே சீராகச் சுற்றினால் உடனே கையை எடுங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம், அல்லது பல் தாண்டியிருக்கலாம். போர்ஷே 944 மாதிரி இன்ஜின்களில் பெல்ட் போனால் பிஸ்டன் வால்வை முட்டி வளைக்கும்; ஒவ்வொரு திருப்பும் செலவைக் கூட்டும். முதல் எம்எக்ஸ்-5இன் 1.6 லிட்டர் இன்ஜினில் முட்டாது. உங்களுடையது எந்த வகை என்று இன்றைக்கே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் மூடியைத் திறந்து, செல்ஃப் அடிக்கும்போது கேம்ஷாஃப்ட் சுற்றுகிறதா என்று ஒரு விநாடி பார்ப்பது ஒன்றுதான் இங்கே அனுமதிக்கப்பட்ட சோதனை. சுற்றவில்லை என்றால் வண்டியை ஏற்றி அனுப்புங்கள்.

### ஆர்பிஎம் முள் என்ன சொல்கிறது

சத்தம் வழக்கம்போல் இருந்தால் வீடியோவுக்குத் திரும்புங்கள். இக்னிஷன் காயிலிலிருந்து சைகை எடுக்கிற மீட்டர்களில், செல்ஃப் அடிக்கும்போது முள் பூஜ்யத்திலிருந்து லேசாகத் துடிக்கும். துடித்தால் ஸ்பார்க் பக்கம் அனேகமாக வேலை செய்கிறது, பெட்ரோலைப் பாருங்கள். செத்துக் கிடந்தால் மெயின் ரிலே, கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது), இக்னிஷன் மாட்யூல் (காயிலை இயக்கும் எலக்ட்ரானிக் பெட்டி) என்று போக வேண்டும். உங்கள் வண்டியில் முள் வழக்கமாகத் துடிக்குமா என்பதை நல்ல நாளில் ஒரு தடவை கவனித்து வையுங்கள், இல்லையென்றால் இந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை.

உறுதி செய்ய ஸ்பார்க் டெஸ்டரை மாட்டுங்கள். பிளக் வயரைக் கையில் பிடித்துப் பார்க்கிற பழைய வழக்கம் வேண்டாம். இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் வரும். எர்த் இல்லாமல் வயரைத் தொங்கவிட்டாலும் எலக்ட்ரானிக் மாட்யூல் புகைந்துபோகலாம்.

### மெயின் ரிலே

முள்ளும் துடிக்கவில்லை, பம்ப் சத்தமும் இல்லை என்றால் இரண்டுக்கும் பொதுவான இடம் இதுதான். 944இன் டிஎம்இ (இன்ஜின் கம்ப்யூட்டர்) ரிலே இதற்குப் பேர்போனது. ஒரே டப்பாவுக்குள் இரண்டு ரிலே. கம்ப்யூட்டருக்கும் பம்புக்கும் கரண்ட் அதன் வழியாகத்தான். உள்ளே சால்டர் விரிசல் விட்டால் இரண்டும் சேர்ந்து படுக்கும். அதே காலத்து வேறு வண்டிகளிலும் இதே வகைப் பொருள், இதே வகை நோய்.

என் வண்டியின் ரிலேயை முதன்முதலில் திறந்தபோது எல்லாம் பளபளவென்று புதிதாகத்தான் தெரிந்தது. மூடி வைக்கப் போனவன், ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துவந்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். தடித்த கால் ஒன்றைச் சுற்றி, தலைமுடி அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். காலை நகத்தால் அழுத்தினால் சால்டர் அசையவில்லை, கால் மட்டும் அசைந்தது. வெயிலில் நிறுத்திய வண்டியின் உள்ளே சூடேறினால் அந்த வளையம் விரியும், கண்ணாடியை இறக்கிவிட்டுக் காத்திருந்தால் சேரும். இரண்டு வருடம் நான் ‘வெயில் ஒத்துக்கொள்ளாத வண்டி’ என்று சொல்லிக்கொண்டிருந்தது இந்த வளையத்தைத்தான். பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துப் புதிதாக வைத்தேன், இருந்தாலும் இப்போது ஓடுவது புது ரிலேயில். சால்டர் வைத்தது உபரியாக டேஷ்போர்டு டப்பாவில் இருக்கிறது.

ரோட்டில் நிற்கும்போது சோதனை: உபரி ரிலேயை மாட்டுங்கள். உபரி இல்லை என்றால், வயரிங் படம் கையில் இருந்தால் மட்டும், ரிலே சாக்கெட்டில் கரண்ட் வருகிற துளையையும் வெளியே போகிற துளைகளையும் பியூஸ் வைத்த வயரால் இணைத்துப் பார்க்கலாம். எடுத்தால் ரிலேதான். அந்த வயரோடு தொடர்ந்து ஓட்ட வேண்டாம். இன்ஜின் அணைந்தாலும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், விபத்து நடந்தால் அதுவே தீக்குத் துணை.

### கிராங்க் சென்சார்

ரிலே நன்றாக இருந்தும் முள் சாகிறதென்றால் இது. சூட்டில் உள் சுருள் பிரிந்து, ஆறினால் ஒட்டும். எடுக்காத அந்த நேரத்திலேயே சென்சாரின் வயர் பிளக்கைக் கழற்றி ஓம் அளக்க வேண்டும். சாதாரண காந்தச் சென்சாரில் சில நூறு ஓமிலிருந்து ஆயிரம் சொச்சம் வரை வரும். முடிவிலி காட்டினால் தீர்ந்தது. அளக்க வசதியில்லையா, நனைத்த துணியைச் சென்சார்மேல் சில நிமிடம் போட்டுவைத்துப் பாருங்கள். எடுத்தால் குற்றவாளி அதுதான்.

944இல் இந்தச் சென்சார் இரண்டு, இன்ஜினுக்குப் பின்னால் ஃபிளைவீலை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின்மேல் பக்கத்தில் பக்கத்தில். அவற்றின் பிளக்குகள் அச்சு அசலாக ஒரே மாதிரி. கழற்றும்போது அடையாளம் போடாமல் மாற்றி மாட்டினால் வண்டி எடுக்கவே எடுக்காது. ஃபிளைவீலுக்கும் சென்சாருக்கும் இடைவெளி 0.8 மில்லிமீட்டர். இரண்டு துண்டு நிற டேப்பை முதலில் ஒட்டுங்கள், அப்புறம் ஸ்பேனரை எடுங்கள்.

### பம்ப் ஓடவில்லை, ஸ்பார்க் இருக்கிறது

பியூஸ், பம்ப் ரிலே, பம்பின் எர்த், பிறகு பம்ப். இந்த வரிசைதான். பியூஸைக் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். பழைய பீங்கான் பியூஸ்கள் முழுதாக இருந்துகொண்டே முனையில் துருப்பிடித்துக் கரண்ட் விடாது. விரலால் சுழற்றினாலே சரியாகிவிடும். எம்ஜிபி காலத்து எஸ்யூ பெட்ரோல் பம்புக்குள் பாயின்ட் (திறந்து மூடும் கான்டாக்ட்) இருக்கும், நாள்பட்ட பாயின்ட் ஒட்டிக்கொள்ளும். ஒரு தட்டு தட்டினால் டிக் டிக் என்று எழுந்திருக்கும். தட்டித்தான் ஓட்ட வேண்டும் என்ற நிலை வந்தால் பாயின்ட்டை மாற்றுங்கள்.

சாவி போட்டதும் பம்ப் சத்தம் வராததை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். 944 உட்பட அக்காலத்து வண்டிகள் பலவற்றில் இன்ஜின் சுற்றினால்தான் பம்ப் ஓடும்.

### சூடாக நிறுத்தி, கொஞ்ச நேரம் கழித்து மட்டும் பற்றவில்லை

ரிலேயும் கிராங்க் சென்சாரும் முடிந்தால் அடுத்தது இக்னிஷன் மாட்யூல். அதன் முதுகில் வெப்பப் பசை பூசி உலோகத்தில் அழுத்தி வைத்திருப்பார்கள். அந்தப் பசை காய்ந்து சுண்ணாம்பு மாதிரி ஆகியிருக்கும். கழற்றித் துடைத்துப் புதுப் பசை பூசுவதற்குப் பதினைந்து நிமிடம் ஆகும். அதைச் செய்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகே மாட்யூல் வாங்க வேண்டும்.

ஸ்பார்க் இருந்தும் பற்றவில்லை என்றால் பெட்ரோல் அதிகமா குறைவா என்று மூக்கே சொல்லும். வாசம் தூக்கினால் இன்ஜின் நனைந்திருக்கிறது: ஆக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்து விடாமல், ஒரே அழுத்தாகத் தரை வரை அழுத்திப் பிடித்துச் செல்ஃப் அடியுங்கள். வாசமே இல்லை, வண்டி கார்புரேட்டர் என்றால் குழாயில் பெட்ரோல் ஆவியாகிப் பம்ப் காற்றை இழுக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னும் சீக்கிரம் ஆவியாகும். பானெட்டைத் திறந்து ஆறவிடுங்கள், குழாயை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளிக் கட்டுங்கள்.

### குளிர்ந்திருக்கும்போது மட்டும்

கார்புரேட்டர் என்றால் சோக். இன்ஜெக்‌ஷன் என்றால் கூலன்ட் சென்சார். போஷ் வகைச் சென்சார்கள் 20 டிகிரியில் 2,500 ஓம் சுற்றியும், 80 டிகிரியில் 300 ஓம் சுற்றியும் காட்டும். குளிர்ந்த இன்ஜினில் 300 காட்டினால் கம்ப்யூட்டர் சூடாக இருப்பதாக நினைத்துப் பெட்ரோலைக் குறைக்கிறது. மலிவான பொருள், ஆனால் டேஷ்போர்டு மீட்டருக்கான சென்சார் வேறு, இது வேறு.

### மழை, பனி, ஈரம்

டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றி உள்ளே பாருங்கள். பென்சில் கோடு மாதிரி கருப்பாக ஒரு கோடு இரண்டு முனைகளுக்கு நடுவே ஓடினால் கேப்பையும் ரோட்டரையும் சேர்த்து மாற்றுங்கள். துடைத்தால் போகாது. கோடு இல்லை என்றால் இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு, பிளக் வயர்கள்மேல் தள்ளி நின்று லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். ஒழுகுகிற இடத்தில் நீலமாக மினுக்கும்.

## பற்றுகிறது, உடனே அணைகிறது

எந்த நொடியில் அணைகிறது என்பதுதான் கேள்வி.

சாவியிலிருந்து கையை விட்ட அதே நொடியில் என்றால் பேலஸ்ட் ரெசிஸ்டர். செல்ஃப் அடிக்கும்போது காயிலுக்கு நேர்வழியிலும், ஓடும்போது இந்த ரெசிஸ்டர் வழியாகவும் கரண்ட் போகும். அது அறுந்தால் அடிக்கும்வரை பற்றும், விட்டதும் சாகும். ரெசிஸ்டர் நன்றாக இருந்தால் இக்னிஷன் சுவிட்சின் ‘ஆன்’ கான்டாக்ட்.

ஒவ்வொரு தடவையும் கடிகாரம் வைத்ததுபோல் ஒன்றிரண்டு விநாடியில் அணைந்தால் இம்மொபிலைசர், அதாவது சாவியை அடையாளம் தெரியாவிட்டால் இன்ஜினை நிறுத்துகிற திருட்டுத் தடுப்பு. இன்னொரு சாவியால் பாருங்கள்.

தடுமாறித் தடுமாறி அணைந்தால் காற்று அல்லது பெட்ரோல். போஷின் பழைய எல்-ஜெட்ரானிக் இன்ஜெக்ஷன் வண்டிகளில், உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ மீட்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாயைக் கையால் மடக்கிப் பாருங்கள். மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் கிழிசல் வெளியே வரும். கிழிசல் வழியாகக் காற்று போனால் மீட்டரின் கதவு திறக்காது, சில மாடல்களில் பம்பே அந்தக் கதவோடுதான் ஓடும்.

## எந்த இடத்தில் நிறுத்தி ஆளைக் கூப்பிடுவது

பெட்ரோல் ஒழுகல், டைமிங் பெல்ட் சந்தேகம், ரிங் கியர், சிலிண்டருக்குள் தண்ணீர் ஆகிய நான்குக்கும் யோசிக்கவே வேண்டாம். வயரை வளைத்தால் இன்சுலேஷன் பிஸ்கெட் மாதிரி உதிர்ந்தால் அதுவும் நம் வேலை இல்லை. பழைய வண்டி வயரிங் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேண்டும். கம்ப்யூட்டர் பெட்டிதான் காரணம் என்று தோன்றினால், கூப்பிடும் முன் எர்த்தையும் ரிலேயையும் இன்னொரு தடவை பாருங்கள். எனக்கு அப்படித் தோன்றிய ஒவ்வொரு தடவையும் கோளாறு இவற்றில் ஒன்றில்தான் இருந்தது.

அப்புறம், ஊகத்தில் இரண்டு பொருள் மாற்றியும் கோளாறு திரும்பி வந்தால் மூன்றாவதை வாங்காதீர்கள். அந்தக் காசு எலக்ட்ரீஷியனின் ஒரு மணி நேரத்துக்கு.

அவரிடம் போகும்போது வீடியோவையும் குறிப்புத் தாளையும் கொடுங்கள். ‘சில சமயம் எடுக்காது’ என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. ‘அரை மணி நேரம் ஓடிய பிறகு நிறுத்தி, பத்திலிருந்து முப்பது நிமிடத்துக்குள் திருப்பினால் சுற்றும், முள் துடிக்காது, பம்ப் சத்தம் இல்லை’ என்றால் அவர் நேராக ரிலேக்குப் போவார். சூட்டுக் கோளாறு என்றால் வண்டியைச் சூடாகவே கொண்டுபோய் நிறுத்துங்கள்.

எடுக்காத நிலையில் வழியில் நின்றுவிட்டால் அப்படியே இழுவை வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்ற வருகிறவர் கொக்கியை மாட்டும்போது, “ஒரே ஒரு தடவை திருப்பிப் பாருங்க சார்” என்பார். சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.